ஊசி பசியைத்தான் அடக்கும் தங்கச்சி, மத்ததெல்லாம் உன் வேலை!

ஊசி போட்டா எடை குறையுமான்னு இப்போ யாரும் என்கிட்ட கேட்கறதில்லை. எந்த ஊசி, எத்தனை மில்லிகிராம், எங்கே சல்லிசா கிடைக்கும், இதைத்தான் கேட்கறீங்க. 2025 மார்ச்சுல மவுன்ஜாரோ, அதாவது டிர்செபடைட் ஊசி, நம்ம ஊருக்கு வந்தது. ஜூன்ல வெகோவி, டிசம்பர்ல ஓசெம்பிக், ரெண்டுமே செமாக்ளுடைட். அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில இதே பேச்சுதான்.

நானும் டாக்டர் எழுதிக்கொடுத்து டிர்செபடைட் போட்டுக்கறவதான். சர்க்கரை, முட்டி வலி, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறதுன்னு எல்லாம் ஒண்ணு சேர்ந்து வந்தப்போ ஆரம்பிச்சேன். நூறை ஒட்டி நின்ன எடை இப்போ எண்பதுக்குப் பக்கத்துல இருக்கு. கூடவே என் தங்கச்சி, ஓரகத்தி, எதிர்வீட்டுப் பொண்ணுன்னு பலபேர் போட்டுக்கறதையும் பக்கத்துல இருந்து பார்த்துட்டேன். யார் எங்கே சறுக்கறாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனால கொஞ்சம் அதட்டித்தான் சொல்லுவேன், கோவிச்சுக்காதே.

மொதல்ல மருந்து என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்கோ. சாப்பிட்டதும் நம்ம குடல் ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அது ஒரு பெப்டைட், அதாவது குட்டிப் புரதச் சங்கிலி. ‘போதும்’னு மூளைக்குச் சொல்றது, இரைப்பை சீக்கிரம் காலியாகாமப் பார்த்துக்கறது, இன்சுலினைத் தூண்டறது, இதெல்லாம் அதோட வேலை. இயற்கையா சுரக்கறது சில நிமிஷத்துல கரைஞ்சுடும். செமாக்ளுடைட் அதே வேலையை வாரம் பூரா செய்யும். டிர்செபடைட் ஜிஐபின்னு இன்னொரு ஹார்மோன் வேலையையும் சேர்த்துச் செய்யும். 2021ல வந்த பெரிய ஆய்வுல செமாக்ளுடைட் போட்டவங்களுக்கு 68 வாரத்துல சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சது. 2022 ஆய்வுல டிர்செபடைட் 15 மில்லிகிராம் போட்டவங்களுக்கு 72 வாரத்துல 20.9 சதவீதம். இது பெரிய விஷயம்தான், மறுக்கவே மாட்டேன்.

ஆனா குறையற எடை முழுக்கக் கொழுப்புன்னு நினைச்சுக்காதே. இந்த ஆய்வுகள்லயே குறைஞ்சதுல கால் பங்குல இருந்து நாற்பது சதவீதம் வரைக்கும் கொழுப்பு இல்லாத எடை, அதுல தசையும் அடக்கம். வீட்டை ஒழிக்கறேன்னு பழைய பேப்பரோட சேர்த்து நகை டப்பாவையும் தூக்கிப் போடற கதை இது. நகை எது, குப்பை எதுன்னு ஊசிக்குத் தெரியாது. நாமதான் பிரிச்சு எடுத்து வைக்கணும். கீழே சொல்ற பாதி விஷயம் அதுக்காகத்தான்.

1. டெஸ்ட் எடுக்காம ஊசியைத் தொடாதே

மூணு மாச சர்க்கரை அளவான எச்பிஏ1சி, கிட்னி, லிவர், தைராய்டு, கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்துடு. சர்க்கரை இருக்கறவங்க கண் விழித்திரையையும் காட்டிடுங்க. ஏற்கெனவே விழித்திரையில பாதிப்பு இருந்து, சர்க்கரை வேகமா இறங்கினா, சிலருக்கு அது கூடலாம்.

டாக்டர் கேட்காட்டியும் நீயா சொல்ல வேண்டியது: கணையத்துல எப்பவாவது வீக்கம் வந்துதா, பித்தப்பையில கல் இருக்கா, வீட்டுல யாருக்காவது மெடுலரி தைராய்டு புற்றுநோய் இருந்துதா, சீக்கிரம் குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா. ‘தைராய்டு மாத்திரை போடறேன், அப்போ இது கூடாதா?’ன்னு பயப்படாதே. சாதாரண தைராய்டு குறைபாடு வேற, அந்தப் புற்றுநோய் வேற.

நமக்கெல்லாம் இடுப்புலயும் வயித்துலயும் கொழுப்பு சேர்றது ஜாஸ்தி. அதனாலதான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடல்பருமன்னு டாக்டர்கள் கணக்கு வைக்கறாங்க. இடுப்பு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டக் கூடாது. டேப் எடுத்து தொப்புள் பக்கத்துல அளந்து பாரு. தங்கச்சி கல்யாணத்துக்குள்ள நாலு கிலோ குறையணும்னு மட்டும் ஆசைன்னா இந்த ஊசி உனக்கு வேண்டாம். கல்யாணம் முடிஞ்சதும் அந்த நாலு கிலோவும் திரும்பிடும்.

2. கூரியர்ல வர்ற பவுடரைத் தொடவே தொடாதே

இதுல எனக்கு உண்மையிலேயே கோவம் வரும். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’னு லேபிள் ஒட்டின குட்டி பாட்டில், உள்ளே வெள்ளைப் பவுடர், நீயே தண்ணி கலந்து போட்டுக்கோன்னு டெலிகிராம்ல, இன்ஸ்டாகிராம்ல விக்கறாங்க. அதுல ரெட்டாட்ரூடைடுன்னு ஒண்ணு வேற. நான் இதை எழுதற வரைக்கும் அது ஆய்வு கட்டத்துலதான் இருக்கு, மருந்துக் கடையில விக்க அனுமதி கிடையாது. பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, சுத்தமா அடைச்சாங்களான்னு உனக்கு எப்படித் தெரியும்? போலி செமாக்ளுடைட் நடமாடுதுன்னு உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூன்ல எச்சரிக்கை விட்டுச்சு. அமெரிக்காவுல மில்லிகிராமையும் சிரிஞ்சில இருக்கற யூனிட்டையும் குழப்பிக்கிட்டு 5 மடங்கு, 20 மடங்கு வரைக்கும் ஏத்திக்கிட்டவங்க இருக்காங்க. அதுல சிலர் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தாங்க.

பில் போட்டு, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்துக் கொடுக்கற மருந்துக் கடையில வாங்கு. பேட்ச் நம்பர், காலாவதி தேதி பாரு. விலை கட்டுப்படலைன்னா டாக்டர்கிட்ட வாய் விட்டுச் சொல்லு. செமாக்ளுடைட்டுக்கு இந்தியாவுல காப்புரிமை 2026 மார்ச்சோட முடிவு. அதுக்கப்புறம் வர்ற நம்ம ஊர் கம்பெனிகளோட மருந்துல எது சரின்னு டாக்டரே சொல்லுவார். காசு மிச்சம் பண்ணற இடம் இது இல்லைம்மா.

3. டோஸை அவசரப்பட்டு ஏத்தாதே

டிர்செபடைட் 2.5 மில்லிகிராம்ல ஆரம்பிக்கும், நாலு வாரம். அப்புறம்தான் 5. செமாக்ளுடைட் எடைக்காகப் போட்டா 0.25ல ஆரம்பிக்கும். ஆரம்ப டோஸ் எடை குறைக்கறதுக்கு இல்லை, வயித்தைப் பழக்கறதுக்கு. ‘ரெண்டு வாரமாச்சு, அரை கிலோ கூட இறங்கலை’ன்னு புலம்பி டோஸை இரட்டிப்பாக்கற ஆளுங்கதான் பாத்ரூம்லயே உட்கார்ந்து கிடப்பாங்க. 5லயே நல்லா இறங்குதுன்னா 7.5க்கு என்ன அவசரம்? எதிர்வீட்டுக்காரங்க 10ல இருக்காங்கன்னா அது அவங்க உடம்பு. ஏத்தறது இறக்கறதெல்லாம் டாக்டர் வேலை.

4. ஊசி போடற நாளை யோசிச்சு வை

- வாந்தி வர்ற மாதிரி இருக்கறது, சோர்வு எல்லாம் ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு நாள்லதான் ஜாஸ்தி. வேலைக்குப் போறவளா இருந்தா வெள்ளி ராத்திரி போடு, சனி ஞாயிறுல படுத்து எழுந்துக்கலாம். ஞாயிறு வீட்டுல பிரியாணி நிச்சயம்னா திங்கள் போடு. எந்த நாள்னாலும் வாராவாரம் அதே நாள்.
- தொப்புளைச் சுத்தி ரெண்டு அங்குலம் விட்டு வயித்துல, இல்லைன்னா தொடையில. வாராவாரம் இடம் மாத்து. ஒரே இடத்துல குத்தினா தடிச்சுப் போகும்.
- மறந்துட்டா ரெண்டு டோஸைச் சேர்த்துப் போடாதே. டிர்செபடைட்னா நாலு நாளுக்குள்ள, செமாக்ளுடைட்னா அஞ்சு நாளுக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். தாண்டிட்டா விட்டுடு, அடுத்த முறை வழக்கமான நாள்ல போடு.
- ஃபிரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரி. ஃப்ரீஸர்ல வைக்காதே, ஃப்ரீஸரை ஒட்டியும் வைக்காதே. ஒருமுறை உறைஞ்சா அந்த மருந்து குப்பைக்குத்தான். கதவுல தோசை மாவு வாடையோட நிக்க வைக்காம நடுத்தட்டுல ஒரு டப்பாவுக்குள்ள வை. 30 டிகிரிக்குள்ள கொஞ்ச நாள் வெளியே தாங்கும், எத்தனை நாள்னு உள்ளே இருக்கற தாள்ல போட்டிருக்கும். ஆனா சித்திரை வெயில்ல மதுரைக்கு ரயில் ஏறும்போது 30 டிகிரி எங்கே இருக்கு? ஐஸ் பையில துணி சுத்தி எடுத்துட்டுப் போ. ஐஸ் நேரா படக்கூடாது.
- ஊசி முனையை அப்படியே குப்பையில போடாதே. துப்புரவுப் பணியாளர் கையில குத்தும். பழைய ஹார்லிக்ஸ் பிளாஸ்டிக் டப்பா மாதிரி கெட்டியான ஒண்ணுல சேர்த்து வெச்சு, ஆஸ்பத்திரியிலயோ லேப்லயோ கொடுத்துடு.

மாத்திரையா வர்ற செமாக்ளுடைட் சாப்பிடறவங்களுக்கு ஒரே விஷயம்: வெறும் வயித்துல அரை டம்ளருக்கு மேல போகாம தண்ணி, அப்புறம் அரை மணி நேரம் ஒண்ணும் உள்ளே போகக்கூடாது. காபியும்தான். அந்த அரை மணி பொறுக்கலைன்னா மருந்து உடம்புல சேராது, பணம் வேஸ்ட்.

5. தட்டுல மொதல்ல புரதம்

இங்கேதான் நம்ம பொம்பளைங்க பெரும்பாலும் கோட்டை விடறாங்க. பசி போயிடுச்சா, காலையில ஒரு டம்ளர் காபி, மத்தியானம் ரெண்டு வாய் ரசம் சாதம், ராத்திரி ஒரு இட்லி, அவ்வளவுதான். ‘அக்கா, எனக்குப் பசியே இல்லை, எடை கடகடன்னு இறங்குது’ன்னு சந்தோஷமா ஃபோன் பண்ணுவாங்க. நான் கேட்பேன், இன்னிக்கு என்னடி சாப்பிட்டே? சொல்லச் சொல்ல எனக்கு வயிறு கலங்கும். ரெண்டு இட்லியில புரதம் 4 கிராம் இருந்தா அதிகம். ரசத்துல என்ன இருக்கு? நம்ம சாம்பார்ல பருப்பை விட தண்ணிதான் ஜாஸ்தி. இப்படி இளைச்சா கன்னம் ஒட்டும், முடி கொட்டும், முட்டி இன்னும் வலிக்கும்.

சும்மா இருக்கற ஆளுக்கே ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. எடை குறையற காலத்துல அதைவிடக் கூட வேணும். 1.2 கிராம் வரைக்கும் போகச் சொல்றாங்க. 70 கிலோ ஆளுக்கு 80 கிராமைத் தாண்டும். கிட்னி பிரச்னை இருக்கறவங்க மட்டும் டாக்டரைக் கேட்காம ஏத்த வேண்டாம்.

வேலைக்கு ஓடறவளுக்கு எளிசான கணக்கு இதோ:

- ஒரு முட்டை 6 கிராம். ராத்திரியே நாலு முட்டை வேகவெச்சு ஃபிரிட்ஜ்ல வெச்சுடு. காலையில ரெண்டை உரிச்சு வாயில போட்டுட்டுத்தான் கிளம்பணும்.
- வேகவெச்ச கொண்டைக்கடலை ஒரு கப் சுமார் 14 கிராம். ஞாயித்துக்கிழமை ஒரு குக்கர் நிறைய வேகவெச்சு மூணு டப்பாவாப் பிரிச்சு ஃப்ரீஸர்ல வை. கடுகு, காஞ்ச மிளகாய் தாளிச்சுக் கொட்டினா அஞ்சு நிமிஷத்துல சுண்டல்.
- மீல்மேக்கர் உலர்ந்தது 50 கிராம்ல 25 கிராம் புரதம். சைவக்காரங்களுக்கு இதைவிட மலிவா ஒண்ணும் கிடைக்காது. வெந்நீர்ல போட்டு ரெண்டு தடவை பிழிஞ்சுட்டுக் குழம்புல போட்டா வாடை வராது.
- மீன் 100 கிராம் 20 கிராம். குழம்பா வை, பொரிக்காதே. எண்ணெய் இப்போ உன் வயித்துக்கு ஆகாது.
- பனீர் 100 கிராம் 18 கிராம். தயிர் ஒரு கப் 6, 7 கிராம். மோரா கரைச்சுத் தண்ணியாக்கினா நீ ஒரு டம்ளர்ல குடிக்கறது அதுல பாதி கூட இருக்காது.

சாப்பிடற வரிசையையும் மாத்து. நம்ம பழக்கம் சோத்தை மலையாக் குவிச்சு ஓரத்துல பொரியல் வைக்கறது. இப்போ உன் வயித்துல இருக்கற இடமே கொஞ்சம். மொதல்ல முட்டையோ மீனோ சுண்டலோ, அப்புறம் காய், கடைசியா சோறு. பாதிச் சோறு மிஞ்சினா மிஞ்சட்டும். பிள்ளைங்க தட்டுல மிச்சம் வெச்சதைத் தூக்கி வாயில போடற பழக்கத்தையும் இன்னியோட விட்டுடு.

பவுடர் வேணுமான்னு கேட்பே. சாப்பாட்டுல எட்டலைன்னா வே புரோட்டீன் ஒரு ஸ்கூப், அவ்வளவு போதும். எங்க ஏரியா ஜிம்மில ஒரு பையன் அதோட சேர்த்து ‘ஃபேட் பர்னர்’ மாத்திரையையும் என் தலையில கட்டப் பார்த்தான். உள்ளே என்ன இருக்குன்னு கேட்டா அவனுக்கே தெரியலை. ஊசி போடறவங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

6. வயிறு ‘போதும்’னா நிறுத்து

ஒரு ஏப்பம், ஒரு பெருமூச்சு, லேசா விக்கல், இதுல ஏதாவது ஒண்ணு வந்தா தட்டை விட்டு எழுந்துடு. அதுக்கு மேல ரெண்டு வாய் தள்ளினா ராத்திரி பூரா நெஞ்சுல நிக்கும். அழுகின முட்டை வாடையில ஏப்பம் வந்தா முந்தின வேளைச் சாப்பாடு இன்னும் இரைப்பையிலயே கிடக்குன்னு அர்த்தம். அன்னிக்கு பஜ்ஜி, பரோட்டா, கிரேவி வேண்டாம். கஞ்சி, இட்லி, மோரோட சரி. சாப்பிட்ட உடனே படுக்காதே.

பந்தியில சித்தி, அத்தை எல்லாம் ‘இன்னும் ஒரு கரண்டி’ன்னு நிப்பாங்க. ‘வயிறு சரியில்லை, டாக்டர் சொல்லியிருக்கார்’னு ஒரே வரி சொல்லு, இலையை மூடு.

7. தண்ணியும் மலச்சிக்கலும்

பசியோட சேர்ந்து தாகமும் மறந்துபோகும். பாட்டிலைக் கண்ணு முன்னாடி வை. வாழைத்தண்டு, கீரை, கொய்யா, அவரைக்காய் தினம் ஏதாவது ஒண்ணு. மூணு நாளா போகலைன்னா வெட்கப்படாம டாக்டரைக் கேளு. சஷ்டி, ஏகாதசின்னு தண்ணி கூட இல்லாம விரதம் இருக்கறவங்க, இந்த மருந்து எடுக்கற வரைக்கும் அப்படிப் பண்ணாதீங்க. வாந்தி பேதியோட உடம்புல நீரும் வத்தினா கிட்னிக்குத்தான் அடி.

8. நடை மட்டும் போதாது, எடை தூக்கணும்

‘நான் தினம் பீச்சுல நடக்கறேனே’ன்னு சொல்லாதே. நட, ரொம்ப நல்லது. சாப்பிட்டதும் பத்து நிமிஷ நடை சர்க்கரைக்கு அவ்வளவு உதவும். ஆனா தசையைப் பிடிச்சு நிறுத்தறது பாரம் தூக்கற பயிற்சிதான். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷ நடை மாதிரியான பயிற்சி, அதோட ரெண்டு நாள் தசைப் பயிற்சின்னு சொல்லுது. அந்த ரெண்டாவது பாதியைத்தான் எல்லாரும் வசதியா மறந்துடறீங்க.

ஜிம்முக்குப் போக கூச்சமா இருந்தா சாப்பாட்டு மேஜை நாற்காலியில ஆரம்பி. கை வைக்காத மரநாற்காலி, அதைச் சுவரோட ஒட்டிப் போடு, பின்னால நகரக்கூடாது. நுனியில உட்காரு. பாதம் இடுப்பு அகலத்துல, முட்டிக்கு நேர் கீழே. ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கோ. மூச்சை விட்டுக்கிட்டே எழுந்திரு, மூணு எண்ணி மெதுவா உட்காரு. தொப்புனு விழக்கூடாது, அந்த மெதுவா இறங்கறதுலதான் தொடை வேலை செய்யும். எட்டு தடவை. ஒரு நிமிஷம் ஓய்வு. மறுபடி எட்டு. ஆரம்பத்துல நான் மேஜையைப் பிடிச்சுக்காம எழுந்திருக்க முடியாம இருந்தேன். இப்போ பூஜை அறையில தரையில உட்கார்ந்து கோலப்பொடி டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டே கையூன்றாம எழுந்துக்கறேன். எடை மெஷின் காட்டற எந்த நம்பரும் எனக்கு அந்தச் சந்தோஷத்தைத் தரலை.

கூட மூணு:

- சுவத்துல கை ஊன்றி புஷ்-அப். சுலபமாயிட்டா சமையல் மேடையில ஊன்றி.
- ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் கைக்கு ஒண்ணு. குனிஞ்சு முதுகு நேரா வெச்சு இடுப்புப் பக்கம் இழு.
- அஞ்சு கிலோ அரிசிப் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள நடை.

இருபது நிமிஷம், வாரத்துல மூணு நாள். அரிசி வேகற நேரத்துல முடிஞ்சிடும். சுலபமாத் தெரிஞ்சா பாரத்தைக் கூட்டு. மாசக்கணக்குல அதே பாட்டிலை ஆட்டிக்கிட்டு இருந்தா தசை வளராது. ஊசி போட்ட மறுநாள் தலை சுத்தினா அன்னிக்கு விட்டுடு. சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுக்கறவங்க அந்த டோஸைக் குறைக்கணுமான்னு ஊசி ஆரம்பிக்கறப்பவே கேட்டுடுங்க. சாப்பாடும் குறைஞ்சு பயிற்சியும் கூடினா சர்க்கரை தடாலுன்னு இறங்கும். பையில குளுக்கோஸ் இருக்கட்டும்.

உடற்பயிற்சிக்கு நான் இவ்வளவு அடம் பிடிக்கறதுக்குக் காரணம் இருக்கு. கோபன்ஹேகன்ல 195 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2021ல வெளிவந்தது. மொதல்ல குறைஞ்ச கலோரிச் சாப்பாட்டுல எல்லாரையும் எடை குறைக்க வெச்சாங்க. அப்புறம் ஒரு வருஷம் சிலருக்கு லிராக்ளுடைட்னு இதே ஜிஎல்பி-1 வகை ஊசி மட்டும், சிலருக்கு உடற்பயிற்சி மட்டும், சிலருக்கு ரெண்டும், சிலருக்கு டம்மி ஊசி. ரெண்டும் சேர்த்துப் பண்ணவங்கதான் முன்னால நின்னாங்க. அது முடிஞ்சு எல்லாத்தையும் நிறுத்தி இன்னொரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ஊசியை மட்டும் நம்பினவங்களுக்கு எடை அதிகமா திரும்பியிருந்தது. பயிற்சியும் பண்ணவங்களுக்கு அந்த அளவு திரும்பலை.

9. மெஷின்ல தினம் ஏறாதே

வாரத்துக்கு ஒரு தடவை, காலையில, பாத்ரூம் போயிட்டு வந்து. மாசத்துக்கு ஒரு தடவை டேப்புல இடுப்பு. மூணு வாரம் எடை அப்படியே நிக்கும், ஆனா பழைய ஜாக்கெட் கொக்கி மாட்டும். தசை கூடிக் கொழுப்பு குறையறப்போ அப்படித்தான். சோர்ந்துபோய் சாப்பாட்டை இன்னும் குறைக்காதே.

ரெண்டு மூணு மாசத்துல முடி கொட்ட ஆரம்பிக்கும் சிலருக்கு. வேகமா இளைச்சா வர்றது இது, பெரும்பாலும் திரும்ப வளரும். எண்ணெயை மாத்தி மாத்தித் தேய்க்கறதுக்கு முன்னாடி இரும்புச்சத்தும் புரதமும் பாரு.

ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோ. ‘ஊசி போட்டுத்தானே இளைச்சா’ன்னு பேசுவாங்க. பேசட்டும். பிரஷருக்கு மாத்திரை போடறவளை யாராவது அப்படிக் கேட்கறாங்களா? உடல்பருமன் ஒரு நோய். அதுக்கு மருந்து எடுக்கறதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. வீட்டுல யாருக்கும் தெரியாம ஃபிரிட்ஜ்ல ஒளிச்சு வைக்காதே. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆஸ்பத்திரியில சொல்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

10. குழந்தை விஷயம்

டிர்செபடைட் போடறவளா, கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாதே. ஆரம்பிச்சு நாலு வாரமும், ஒவ்வொரு தடவை டோஸ் ஏத்தினதும் நாலு வாரமும் ஆணுறை மாதிரி வேற பாதுகாப்பு வேணும். பிசிஓஎஸ்ங்கற சினைப்பை நீர்க்கட்டி பிரச்னை இருந்து வருஷக்கணக்கா நிக்காத கரு, எடை குறைஞ்சதும் நிக்கலாம். குழந்தைக்குத் திட்டம் இருந்தா முன்கூட்டியே மருந்தை நிறுத்தணும். செமாக்ளுடைட்னா குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடி.

11. இதெல்லாம் வந்தா காத்திருக்காதே

மேல்வயித்துல தாங்க முடியாத வலி, முதுகுப் பக்கம் போகுது, வாந்தியும் நிக்கலை: கணையமா இருக்கலாம், நேரா எமர்ஜென்சி. வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சள்: பித்தப்பை. ஒரு நாள் பூரா தண்ணி கூடத் தங்கலை, சிறுநீர் குறைஞ்சு போச்சு: அன்னிக்கே டாக்டர். பார்வை திடீர்னு மங்கினாலும் அப்படித்தான். ‘கேஸ் பிடிச்சிருக்கும்’னு ஓம வாட்டர் குடிச்சுட்டுப் படுக்கற வேலை வேண்டாம். ஆபரேஷனோ எண்டோஸ்கோபியோ பண்றதா இருந்தா மயக்க மருந்து கொடுக்கற டாக்டர்கிட்ட இந்த ஊசியைப் பத்தி கட்டாயம் சொல்லு. ராத்திரியே சாப்பாட்டை நிறுத்தியிருந்தாலும் உன் இரைப்பை காலியாகாம இருக்கலாம்.

12. நிறுத்தறதுக்கும் முறை இருக்கு

‘பத்து கிலோ குறைஞ்சாச்சு, போதும்’னு நீயா நிறுத்தாதே. செமாக்ளுடைட் ஆய்வுல மருந்தை நிறுத்தி ஒரு வருஷத்துல, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சு. அவங்க சோம்பேறிங்கன்னு அர்த்தம் இல்லை. அடக்கி வெச்ச பசி திரும்பி வர்றப்போ முழு பலத்தோட வரும். அதனால ஆரம்பிக்கறப்பவே டாக்டர்கிட்ட கேளு: எத்தனை நாள் போடணும், இதே டோஸா, குறைஞ்ச டோஸ்ல தொடரலாமா, மாசம் எவ்வளவு செலவாகும். ரெண்டு வருஷத்துக்கு உன் சம்பளம் தாங்குமான்னு கணக்குப் போட்டுட்டு இறங்கு. பாதியில பணம் இல்லாம விடறதைவிட அது மேல்.

நிறுத்தற நேரம் வந்தா தீபாவளி, பொங்கலுக்கு முன்னாடி வேண்டாம். வீடு நிறைய அதிரசமும் முறுக்கும் இருக்கும்போது பசி திரும்பினா சமாளிக்க முடியாது. புரதமும் நாற்காலிப் பயிற்சியும் பழக்கமான பிறகு நிறுத்து. நிறுத்தின முதல் ஆறு மாசம் வாராவாரம் மெஷின்ல ஏறி காலண்டர்லயே எடையை எழுதி வை. மூணு கிலோ ஏறிட்டா உடனே டாக்டர்கிட்ட போ. ‘என்ன நினைப்பாரோ’ன்னு கூச்சப்பட்டு பதினஞ்சு கிலோ ஏறற வரைக்கும் வீட்டுல உட்கார்ந்திருக்காதே.